முயலகன் பிணியும் சேலம், நாமக்கல் சமவெளியின் மருத்துவ வழக்கும்

காவிரியின் வடகரைத் தலங்களுள் ஒன்றாகிய திருவாசி, தேவாரத்தில் திருப்பாச்சிலாச்சிராமம் என வழங்கும். ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் அத்தலத்திற் பாடிய திருப்பதிகம் ஒரு பெண்ணின் நோயைப் பற்றியது. மங்கை ஒருத்தியின் வாட்டத்தைச் சுட்டி, இவளை இங்ஙனம் வருந்தச் செய்தல் நும் பெருமைக்குத் தகுமோ என இறைவனை வினவிச் செல்லும் நடையினது அப்பதிகம். அகத்துறைப் பாடலோ எனப் படிப்போர் மயங்குமாறு அமைந்தது. அப்பெண் யாவள், அவளுற்ற நோய் யாது என்பவற்றைப் பெயர் கூறி விரித்துரைப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய பெரியபுராணமாகும். அவள் கொல்லிமழவன் மகள்; நோய் முயலகன்.

மழவர் கொல்லிமலைச் சாரலிலும் அதனை அடுத்த நாட்டிலும் வாழ்ந்த தொல்குடியினர். கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1997 சனவரி முதல் நாள் சேலத்தினின்று பிரிக்கப்பட்ட மாவட்டம் அது. இராசிபுரம், சேந்தமங்கலம் முதலிய ஊர்களின் சமவெளியினின்று நோக்குவார்க்குக் கீழ்வானத்தை மறைத்து நிற்பது அம்மலையே. ஆகலின் வலிப்பு நோய் பற்றித் தமிழிலக்கியம் கூறும் புகழ்பெற்ற வரலாறு இச்சமவெளியின் வாயிலில் நிகழ்ந்தது எனக் கொள்ளலாம்.

சேக்கிழார் கூறும் முறை நுணுகி நோக்கத்தக்கது. மகளைப் பற்றிய பிணி வேறு செயல்களால் தீராமை கண்ட மழவன், அவளைக் கொணர்ந்து இறைவன் திருமுன்னர்க் கிடத்தினான். அவ்வேளை சம்பந்தர் அத்தலத்திற்கு எழுந்தருளினார். உணர்விழந்து நிலத்திற் கிடந்த பெண்ணைக் கண்டு, இஃது என் என வினவினார். தந்தை நிகழ்ந்தது கூறினான். பதிகம் பாடி முடிந்ததும் பெண் எழுந்து நடந்து வந்து தந்தையின் பக்கத்தில் நின்றாள். இவ்வளவே வரலாறு. மருத்துவ வரலாற்றை ஆராய்வோர்க்கு இதன்கண் இரண்டு செய்திகள் உள. ஒன்று, தந்தை முதலிற் பிற வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பின்னரே கோயிலை அடைந்தான் என்பது. மற்றொன்று, தன் மகளின் நோயை அவன் மறைக்கவில்லை என்பது. ஒரு நாட்டின் தலைவன் தன் மகளை ஊரறியக் கோயிலிற் கிடத்தினான். இவ்விரண்டாம் செய்தியை இறுதியில் மீண்டும் கருதவேண்டியிருக்கும்.

முயலகன் என்பது கூத்தப்பெருமான் திருவடியின்கீழ்க் கிடக்கும் குறளுருவின் பெயர். வடமொழியார் அவ்வுருவை அபஸ்மார புருடன் என்பர். 'ஸ்மார' என்பது நினைவு. அது நீங்குதல் அபஸ்மாரம். சரகம், சுசுருதம் ஆகிய ஆயுள்வேத நூல்கள் வலிப்பு நோய்க்கு இட்ட பெயரும் அதுவே. திருவடியின்கீழ் அடங்கிய உருவுக்கும் உடலிற் புகுந்து வருத்தும் நோய்க்கும் ஒரே பெயர் வழங்கியது தற்செயலன்று. நினைவிழத்தல் என்னும் பொதுக் கருத்தே இரண்டையும் பிணித்தது. திருவாசியிற் கூத்தப்பெருமான் முயலகன்மேல் அன்றி நாகத்தின்மேல் ஆடுகின்றார் என்பதும், முயலகன் பிணி அங்குத் தீர்ந்தமையே அதற்குக் காரணம் என்பதும் தலமரபு. சரகர் அபஸ்மாரத்தைப் பித்தினின்றும் பிரித்துத் தனிநோயாகவே வைத்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. நூலோர் பிரித்து வைத்த இரண்டையும் ஊரார் வழக்கு ஒன்றாக்கிவிட்டது. அதனால் விளைந்த தீங்கு பெரிது.

பொதுமக்கள் வழக்கில் முயலகன் என்னும் சொல் மறைந்தது. வலிப்பு, வலி, முயல்வலி, காக்கை வலிப்பு என்பன நின்றன. காக்கை வலிப்பு என்பதற்குக் காக்கையொடு தொடர்பு காட்டுவார் பலர். நோயாளி கைகளை அடித்துக்கொள்ளுதல் காக்கை சிறகடித்தல் போன்றது என்பர். கால், கை என்னும் இரு சொற்களும் புணர்ந்து காற்கை என நின்று, பேச்சில் காக்கை ஆயிற்று எனக் கொள்வதே பொருத்தமுடையது. நிற்க என்பது நிக்க எனவும், விற்க என்பது விக்க எனவும் பேச்சில் வருதல் காண்க. கால்கை வலிப்பு என்பது நோயின் புறத்தோற்றத்தை உள்ளவாறு கூறும் நல்ல பெயர். அது காக்கை வலிப்பு எனத் திரிந்ததும், சொல்லிற் புகுந்த பறவை பொருளிலும் புகுந்தது. இக்கால மருத்துவத் தமிழ் கால்கை வலிப்பு என்னும் வடிவையே மீட்டெடுத்து வழங்குதல் பாராட்டத்தக்கது.

இச்சமவெளியில் மற்றொரு திருப்பதிகமும் நோயின் தொடர்பாகப் பிறந்தது. திருக்கொடிமாடச்செங்குன்றூர் எனத் தேவாரம் கூறும் ஊர் இன்றைய திருச்செங்கோடு. அங்குச் சம்பந்தரின் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அது நீங்குமாறு அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது வரலாறு. இப்பதிகத்தின் தொடக்கத்திலேயே ஓர் இடித்துரை உண்டு. வருவன எல்லாம் முன்வினைப் பயன் எனச் சொல்லிக்கொண்டு உய்யும் வழியை நாடாமல் இருத்தல் நுமக்கே குறையன்றோ என்பது அதன் கருத்து. வினைக்கொள்கையை உடன்பட்டுக்கொண்டே, அதனைச் சோம்பலுக்குச் சான்றாக்குதலை மறுக்கும் இக்குரல் திருச்செங்கோட்டில் எழுந்தது என்பது இந்நாட்டார் பெருமை கொள்ளத்தக்கதாகும்.

இவ்விரண்டு நோய்களும் பிற்காலத்தில் வேறுவேறு வழியிற் சென்றன. குளிர்சுரம் மருத்துவர் கைக்கு முழுவதும் மாறிவிட்டது. நீலகிரியிற் பயிரான சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் கிடைத்தது. 1953-இல் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. இன்று திருச்செங்கோட்டில் சுரம் கண்டவர் திருநீலகண்டம் ஓதினும் மருத்துவமனைக்குச் செல்லத் தவறுவதில்லை. இரண்டிற்கும் முரண் இருப்பதாக எவரும் கருதுவதில்லை. வலிப்போ அவ்வாறு மாறவில்லை. வலிப்புற்ற பிள்ளையைப் பெற்றோர் மந்திரிப்பவரிடமும், வேப்பிலை அடிப்பவரிடமும், முடிகயிறு கட்டுபவரிடமும், வேரும் பொடியும் தருபவரிடமும், அரசு மருத்துவமனைக்கும் மாறிமாறிக் கொண்டு செல்கின்றனர். மருத்துவமனை மாத்திரையைத் தொடங்கிச் சில திங்களில் நிறுத்திவிடுவோர் பலர். மருத்துவர் இதனை அறியாமை என்பர். அறியாமை என்னும் ஒரு சொல்லால் இதனை விளக்கிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அறியாமையே காரணமாயின் குளிர்சுரத்திற்கும் அதுவே நேர்ந்திருத்தல் வேண்டும்.

பழைய மருத்துவத்தின் அமைப்பைக் காண்போம். யூகிமுனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி நோய்களை வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்ற அடிப்படையில் வகுப்பது. வலிப்பை வளியொடு சார்த்திக் கூறுதல் சித்த மருத்துவர் மரபு. வீட்டு மருத்துவத்தில் பிள்ளைகளின் வலிப்பிற்குக் கோரோசனையும் வசம்பும் பெயர்பெற்றவை. வசம்பிற்குப் பிள்ளைவளர்ப்பான் என்றே ஒரு பெயருண்டு. விளக்கிற் சுட்டு உரைத்துக் கொடுப்பர். இவையனைத்திற்கும் பொதுவான ஓர் இயல்பு யாதெனின், எல்லை உடைமை. மருந்து ஒரு மண்டலம் உண்ணவேண்டும். அதாவது 48 நாள். அந்நாட்களிற் பத்தியம் காக்கவேண்டும். புளி, நல்லெண்ணெய், மீன், கத்தரிக்காய் என விலக்க வேண்டியவை மருந்திற்கேற்ப மாறும். நாள் நிறைந்ததும் பத்தியம் முறித்து, தலை முழுகி, மருந்தை விடுதல் மரபு. கோயில் வழக்கும் அவ்வாறே. முசிறியை அடுத்த குணசீலத்தில் மனநோயுற்றாரை ஒரு மண்டலம் தங்கச் செய்தல் நெடுநாளைய வழக்கம். நேர்த்திக்கடனுக்கும் முடிவு உண்டு. முடிகயிறும் ஒருநாள் அவிழ்க்கப்படும்.

ஆகவே நிறுத்துதல் என்பது பழைய மருத்துவத்தின் ஓர் உறுப்பு. தீர்த்தல், தீர்வு என்னும் சொற்களே இதனைக் காட்டும்: நோயும் தீர்தல் வேண்டும், மருந்தும் தீர்தல் வேண்டும். மூன்று திங்கள் மாத்திரை உண்டு, வலிப்பு வாராமை கண்டு, மாத்திரையை விட்ட ஒரு நெசவாளி தன் கருத்தில் மருத்துவத்தை மீறவில்லை. தான் அறிந்த மருத்துவ முறையை நிறைவு செய்தவனாவான். குளிர்சுர மருந்து சில நாளில் முடிந்தது, அது பழைய முறையொடு பொருந்திற்று, ஆதலின் ஏற்கப்பட்டது. வலிப்பு மருந்து அங்ஙனம் பொருந்தவில்லை.

அம்மருந்தின் வரலாறு ஈண்டுச் சுருக்கமாகக் கூறத்தக்கது. இலண்டனில் 1857-இல் சார்லஸ் லோக்காக் புரோமைடு உப்பினால் வலிப்பு குறைதலை எடுத்துரைத்தார். செருமனியில் 1912-இல் ஹாப்ட்மன் பீனோபார்பிட்டாலின் பயனைக் கண்டார். அமெரிக்காவில் 1938-இல் மெரிட், புட்னம் ஆகிய இருவரும் பெனிட்டாயினை அறிமுகப்படுத்தினர். பின்னர்க் கார்பமாசிபைன், வால்புரோவேட் முதலியன வந்தன. தமிழகத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவை மருத்துவத் துறையை நிறுவினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் பி. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். சேலத்தில் மருத்துவக் கல்லூரி 1986-இலும், நாமக்கல்லில் 2022-இலும் தோன்றின.

இம்மருந்துகள் வலிப்பை அடக்குமேயன்றி அதன் வேரை அகழ்வன அல்ல. நாள்தோறும், தவறாத நேரத்தில், ஆண்டுக்கணக்கில் உண்ணவேண்டும். இரண்டாண்டேனும் வலிப்பின்றிக் கழிந்த பின்னரே, மருத்துவர் ஆராய்ந்து, சிலர்க்குச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவர். வேறு சிலர்க்கு வாழ்நாள் முழுதும் வேண்டும். மருந்தின் பயன் கண்ணுக்குப் புலனாவதன்று. ஒன்றும் நிகழாமையே அதன் வெற்றி. தலைவலிக்கு உண்ட மாத்திரை தலைவலி நீங்குதலால் தன்னை அறிவிக்கும். வலிப்பு மாத்திரை தன்னை அறிவியாது. ஆனால் அதன் பக்கவிளைவுகளாகிய உறக்கமும் மந்தமும் ஈறு தடித்தலும் அறிவிக்கும். திடீரென நிறுத்தினால் நேர்வதோ கொடிது. முன்னினும் வலிய வலிப்பு தோன்றும். ஒன்று முடியுமுன் ஒன்றாகத் தொடர்ந்து உயிர் போதலும் உண்டு. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிக்கும் வலிப்பு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டிய நிலையாகும். கிணற்றுப் பாசனமும் விறகடுப்பும் விசைத்தறியும் உள்ள நாட்டில் ஒரு நிமிட வலிப்பும் போதும் உயிரைக் கொள்ள.

மாற்று மருத்துவங்களின் புகழ் எங்ஙனம் நிலைபெற்றது? வலிப்புற்றவன் கையில் இரும்புச் சாவிக்கொத்தையோ அரிவாளையோ திணிக்கும் வழக்கம் இதற்கு நல்ல விளக்கம். கஞ்சமலை இரும்புக்குப் பெயர்போன சேலத்தில் இரும்பிற்கு இம்மதிப்பு இருத்தல் வியப்பன்று. அம்மலை நாட்டு இரும்புக் கனியத்தை நம்பியே 1830-ஆம் ஆண்டையொட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் ஆலை அமைத்தார். ஆயின் வலிப்பின் இயல்பு வேறு. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமே அடங்குவன. சாவியைத் தேடிக் கொணர்ந்து கையில் வைப்பதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அடங்கியது வலிப்பின் இயல்பால். புகழ் பெற்றது இரும்பு. இதனையே நீட்டிக் காண்க. பிள்ளைப்பருவ வலிப்புகள் சில வளர்ச்சியில் தாமே மறையும். சுரத்தொடு வரும் வலிப்பு பெரும்பாலும் ஆறு வயதிற்கு மேல் வருவதில்லை. அக்காலத்திற் கட்டியிருந்த கயிறு எதுவாயினும் அதற்கே பெருமை சேரும். ஏமாற்றுதல் யாரிடத்தும் இல்லாமலே இந்நம்பிக்கை வளரக்கூடும் என்பதை மறத்தலாகாது. ஏமாற்றுதலும் உண்டு: வலிப்பைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்தலை 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்து, நோய்ப் பட்டியலில் வலிப்பை வெளிப்படையாகவே சேர்த்துள்ளமை அதற்குச் சான்று. ஆயினும் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் காதில் ஒருவர் கூறும் செய்தியைச் சட்டம் தொடுவதில்லை.

இரண்டு மருந்தையும் ஒருங்கே உண்போர் நிலை தனியே ஆராயத்தக்கது. அவர்கள் கருதுவது, இரண்டு கைகளால் ஒரு சுமையைத் தூக்குவது போன்றது இது என்பது. எப்போதும் அங்ஙனம் அமைவதில்லை. பெனிட்டாயின் உண்டு வலிப்பு அடங்கியிருந்த நோயாளர் சிலர்க்கு, சங்கபுஷ்பி சேர்ந்த ஆயுள்வேத மருந்தை உடன் உண்டபோது வலிப்பு மீண்டது. பம்பாயில் இதனை ஆராய்ந்தோர், அம்மருந்தை எலிகளுக்குக் கொடுத்து நோக்கி, இரத்தத்திற் பெனிட்டாயின் அளவு குறைதலைக் கண்டு 1992-இல் வெளியிட்டனர். இங்குச் சொல்லாராய்ச்சியும் துணை செய்யும். சங்கபுஷ்பி என்னும் பெயர் வடநாட்டில் ஒரு கொடியையும், வேறிடத்து விஷ்ணுகிராந்தியையும், கேரளத்திற் காக்கணம் எனப்படும் சங்குப்பூவையும் குறிக்கும். பிரமி என்பது சிலர்க்கு நீர்ப்பிரமி, சிலர்க்கு வல்லாரை. பெயர் ஒன்றாகப் பொருள் பலவாயின், ஒருவர் உண்ட பொடி யாது என மருத்துவர் அறிவது எவ்வாறு? மேட்டூர் அணையை அடுத்துச் சித்த மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மூலிகைத் தோட்டம் ஒன்று உளது. மூலிகைகளைப் பெயரொடு பொருத்தி அறிதற்கு அத்தகைய இடங்கள் இன்றியமையாதன. இரசமும் இலிங்கமும் பாடாணமும் சேரும் மருந்துகளிலோ கேடு வேறு வகையது. முறையாகச் சுத்தி செய்யப்படாதவை நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

பழைய மரபு முழுவதும் மாத்திரைக்குப் பகை என முடிவு கட்டுதல் பொருந்தாது. பத்தியம் என்னும் கருத்தை எடுத்துக்கொள்க. தென்னாட்டில், சிறப்பாக மைசூர்ப் பகுதியில், தலையில் வெந்நீரை மிகுதியாக ஊற்றிக் குளிக்கும்போது தோன்றும் ஒருவகை வலிப்பு உண்டு. கே. எஸ். மணி முதலிய நரம்பியலார் 1968-இல் இதனை எடுத்துரைத்தனர். நீரின் சூட்டைக் குறைத்தலே பலர்க்கு இதன் தலையாய மருந்து. தலைக்கு வெந்நீர் ஆகாது என ஒரு கிழவிக்குச் சொல்லிப் பாருங்கள். காரணம் கேளாமல் விளங்கிக்கொள்வாள். உறக்கம் கெடலாகாது, கள்ளும் சாராயமும் ஆகா, வேளை தவறலாகாது என்பனவும் அவளுக்குப் பத்தியமாகவே விளங்கும். இதே மணி பின்னர்க் கருநாடகத்து எளந்தூரில் நாட்டுப்புற நோயாளரிடையே பீனோபார்பிட்டாலும் பெனிட்டாயினும் கொடுத்துப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்தார். அவ்வாய்வு 2001-இல் வெளிவந்தது. விலை குறைந்த பழைய மருந்துகளே சிற்றூரிலும் பயன்தரும் என்பது அதனாற் புலனாயிற்று. ஒருவர் தேடிச் சென்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும் அப்பயனுக்கு ஒரு காரணம் ஆகும்.

திருக்குறள் மருந்ததிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாகக் கூறும். நோயாளியும் மருத்துவனும் மருந்தும் போக, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவனையும் வள்ளுவர் ஓர் உறுப்பாக எண்ணினார். வலிப்பு மருத்துவத்தில் முறிந்து போவது பெரும்பாலும் இந்நான்காம் உறுப்பே. தாய்வீட்டில் தாய் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். மணமாகிச் சென்ற வீட்டில் கொடுப்பார் யார்? கொடுப்பார் இன்மையோடு நில்லாது, உண்பதே அங்கு ஒளித்துச் செய்யவேண்டிய செயலாகிறது. பொருத்தம் பார்க்கும்போது நோய் மறைக்கப்பட்டது. ஆகவே மாத்திரையும் மறைக்கப்படவேண்டும். கருவுற்ற காலத்தில் மருந்து குழவிக்கு ஆகாதோ என்னும் அச்சமும் சேர்ந்துகொள்ளும். சில மருந்துகள் ஆகா என்பது உண்மையே. வால்புரோவேட்டுக் குழவிக்குக் கேடு செய்வது. அதற்கு வழி, கருவுறுமுன் மருத்துவரைக் கண்டு மருந்தை மாற்றுதல். மறைத்தவள் அதனைச் செய்தற்கில்லை. கயிறும் திருநீறும் எவரும் ஐயுறாதவை. யார் வீட்டிலும் அணியலாம். மாத்திரை அட்டையோ காட்டிக் கொடுத்துவிடும். மாத்திரையைக் கைவிட்டுக் கயிற்றைப் பற்றும் ஒரு பெண்ணின் செயலில் நம்பிக்கை எவ்வளவு, அச்சம் எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று. என் கருத்தில் அச்சமே மிகுதி.

இவ்வச்சத்திற்குச் சட்டமும் ஒருகாலத்தில் இடம் தந்தது. இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டபோது அதில் வலிப்பு பற்றிய பேச்சில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், மீண்டும் மீண்டும் பித்து அல்லது வலிப்பு வருதலைத் திருமணத் தகுதிக் குறைவாக்கிற்று. சரகர் பிரித்து வைத்த இரண்டு நோய்களையும் இருபதாம் நூற்றாண்டின் சட்டம் ஒரே தொடரில் கட்டியது. நரம்பியல் மருத்துவர்கள் நெடுநாள் வலியுறுத்தியதன் பயனாக, 1999-இல் வலிப்பு என்னும் சொல் அத்தொடரினின்று நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட செய்தி இச்சமவெளியின் திருமணத் தரகர்க்கும் பெற்றோர்க்கும் இன்னும் சென்று சேர்ந்ததாகத் தெரியவில்லை. கொல்லிமழவன் தன் மகளை ஊர் காணக் கோயிலிற் கொணர்ந்து கிடத்தினான். வந்தவர் வினவ, உள்ளது கூறினான். அவன் நாட்டில் இன்று மருத்துவமனைச் சீட்டை அரிசிப்பானைக்குள் வைப்போர் உளர்.